பெயரை மறைத்தால் போதுமா? ஆள் எடுப்பதில் இனச் சமத்துவத்துக்கு நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

நேர்காணல் முடிந்து கடைசி ஆளும் வெளியே போன பிறகு வருகிற பத்து நிமிடம் இருக்கிறதே, விஷயமே அதில்தான். அதுவரை எல்லோரும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்வோம். நான் உட்கார்ந்திருந்த ஒரு பேனலில், மூன்று பேரின் குறிப்புகளிலும் முன்னால் நின்றவர் வேறு இனத்தைச் சேர்ந்தவர். பேனாவை மூடிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "வேலை தெரிஞ்ச ஆள்தான், சந்தேகமே இல்ல. ஆனா நம்ம டீமோட ஒட்டுவாரா?" அவ்வளவுதான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, நான் உட்பட. இரண்டாவதாக இருந்தவருக்கு ஆஃபர் போனது. இனம் என்ற சொல்லே அந்த அறையில் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே நிறுவனம், பன்மைத்துவத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரு குழு போட்டது. அதிலும் நான் இருந்தேன். மேசைக்கு வந்த யோசனைகள் நான்கு: எல்லோருக்கும் பாகுபாடு குறித்த பயிற்சி வகுப்பு, விண்ணப்பத்தில் பெயரை மறைப்பது, இத்தனை சதவீதம் என்று இலக்கோ கோட்டாவோ வைப்பது, ஆள் எடுக்கும் முறையையே மாற்றுவது. நாங்கள் எதைப் பிடித்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லை. அன்று எங்கள் கையில் இருந்திருக்க வேண்டிய ஒப்பீடு இது.

முதலில், ஓட்டை எங்கே?

வேலைக்கு ஆள் எடுப்பது ஒரே முடிவு போலத் தெரியும். உண்மையில் வரிசையாகப் பல வாசல்கள். விண்ணப்பிப்பவர் யார், ஷார்ட்லிஸ்ட் ஆகிறவர் யார், நேர்காணலில் தேறுகிறவர் யார், சேர்ந்த பின் மேலே போகிறவர் யார், வெறுத்துப்போய் விலகுகிறவர் யார்? நான் மேலே சொன்ன ஒவ்வொரு வழியும் இதில் ஒன்றிரண்டு வாசலைத்தான் தொடும். ஆட்கள் எந்த வாசலில் உதிர்கிறார்கள் என்று பார்க்காமலே மருந்து வாங்கிவிடுவதுதான் நடக்கிறது.

ஷார்ட்லிஸ்ட் வாசலில் பாகுபாடு உண்டு என்பதற்கு ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு எல்லோரும் அறிந்தது. சிகாகோ, பாஸ்டன் நகரங்களில் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதிகளில் வேறுபாடு இல்லை, பெயர் மட்டும் மாறும். எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லகிஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களுக்கு அதே ஓர் அழைப்பு வரப் பதினைந்து விண்ணப்பம் தேவைப்பட்டது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பாட்ரிக் கிளைன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2022-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் 108 மாபெரும் நிறுவனங்களுக்குச் சுமார் 83,000 விண்ணப்பங்கள். வெள்ளையர் பெயர்களுக்கும் கறுப்பினப் பெயர்களுக்கும் வந்த அழைப்பில் சராசரி வித்தியாசம் இரண்டு சதவீதப் புள்ளிகள்தான். ஆனால் அந்த வித்தியாசம் எல்லா நிறுவனங்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. கறுப்பினப் பெயர்கள் இழந்த அழைப்புகளில் ஏறக்குறைய பாதி, ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களிலிருந்தே வந்தது. 'மனுஷன்னா கொஞ்சம் பாரபட்சம் இருக்கத்தான் செய்யும்' என்று சமாதானம் சொல்கிறவர்களுக்கு இது நல்ல பதில். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரிடமும் இல்லை, சில இடங்களில் குவிந்து கிடக்கிறது. உங்கள் அலுவலகம் அந்த ஐந்தில் ஒன்றா என்பதை உங்கள் சொந்தக் கணக்கைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

அந்தக் கணக்கை எடுப்பதே எல்லா நாட்டிலும் எளிதில்லை. பிரிட்டன் 1991-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இனத்தைக் கேட்கிறது. பிரான்ஸிலோ இன அடிப்படையில் ஆட்களை வகைப்படுத்திப் பதிவுசெய்யப் பொதுவாக அனுமதியே கிடையாது. குடிமக்கள் எல்லோரும் சமம், ஆகவே பிரித்து எண்ணக் கூடாது என்பது அவர்கள் வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணாத இடத்தில் குறை சொல்பவரிடம்தான் ஆதாரம் கேட்கப்படும், அது யாரிடமும் இருக்காது.

பெயரை மறைப்பது

நான்கில் மனதை அதிகம் இழுப்பது இதுதான். செலவு இல்லை, சண்டை இல்லை, 'தகுதி மட்டும்தான்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். பிரிட்டன் அரசு 2015-இல் தன் குடிமைப் பணித் தேர்வுகளில் பெயரை மறைப்பதாக அறிவித்தது, பல பெரிய நிறுவனங்களும் கூடவே கைதூக்கின.

ஆனால் இதை முறையாகச் சோதித்துப் பார்த்த இடங்களில் முடிவு கலவையாக வந்திருக்கிறது. பிரான்ஸில் 2010, 2011 வாக்கில் நடந்த சோதனையில், பெயர் மறைத்த பிறகு குடியேறிய குடும்பத்தவர்களுக்கு நேர்காணல் வாய்ப்பு குறைந்தது. ஆய்வாளர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, தாமாக முன்வந்து சோதனையில் சேர்ந்த நிறுவனங்கள் ஏற்கெனவே சிறுபான்மையினர் பக்கம் சாய்ந்தவை, பெயரை மறைத்ததும் அந்தச் சாய்வு போய்விட்டது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. விண்ணப்பத்தில் ஓர் ஆண்டு வேலையில்லாத இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். பெயர் தெரிந்தால், 'இவருக்கு வேலை கிடைப்பது சிரமமாகத்தான் இருந்திருக்கும்' என்று படிப்பவர் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்வார். பெயர் இல்லையென்றால் அது வெறும் இடைவெளி.

ஆஸ்திரேலிய அரசு 2017-இல் தன் ஊழியர்கள் 2,000-க்கும் அதிகமானோரை வைத்து ஒரு சோதனை நடத்தியது. அங்கும் பெயரோடு பார்த்தபோதுதான் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் சற்றுக் கூடுதல் வாய்ப்பு இருந்தது. ஆகவே மறைத்தால் பலன் எதிர்த்திசையில் போகும் என்று தெரியவந்தது.

தகவலை மறைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: மறைத்த இடத்தை ஊகம் நிரப்பிவிடும். 'உங்கள் மேல் குற்றப் பதிவு உண்டா' என்ற கட்டத்தை விண்ணப்பத்திலிருந்து எடுக்கச் சொல்லும் சட்டங்கள் அமெரிக்காவில் பல மாநிலங்களில் வந்தன. கறுப்பின ஆண்களுக்கு உதவும் என்பதுதான் எண்ணம். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் சுமார் 15,000 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள் அமாண்டா அகன், சோன்யா ஸ்டார் என்ற இருவர். அந்தக் கட்டம் வைத்திருந்த நிறுவனங்களில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே அழைப்பு வித்தியாசம் முன்பு 7 சதவீதம். கட்டத்தை எடுத்த பின் 43 சதவீதம். பதிவு இல்லை என்று காட்ட வழியில்லாமல் போனதும், தோலின் நிறமே பதிவாகிவிட்டது.

அதற்காகப் பெயர் மறைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. முதல் சல்லடையிலேயே ஆட்கள் அடிபடுகிறார்கள் என்று உங்கள் எண்ணிக்கை காட்டினால் மறையுங்கள், நிச்சயம் உதவும். கனடா, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கறுப்பின விண்ணப்பதாரர் தன் பெயர், சங்கம், சமூகப் பணி போன்ற அடையாளங்களை வெள்ளையர் போலத் தோன்றும்படி வெளுத்து எழுதியபோது 25 சதவீதம் அழைப்பு வந்தது. உள்ளபடி எழுதியபோது 10. 'எங்கள் நிறுவனம் பன்மைத்துவத்தை வரவேற்கிறது' என்று விளம்பரத்தில் போட்டவர்களும் மற்றவர்களைவிட மேலாக நடந்துகொள்ளவில்லை. அந்த வரியை நம்பி வெளுக்காமல் அனுப்பியவர்கள்தான் பாவம்.

திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்துத் தேர்ந்தெடுக்கும் இசைக்குழுக்கள் இந்த முறையின் உச்சம். காலடிச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துவிடுவார்கள் என்று தரையில் கம்பளம்கூட விரிப்பார்கள். ஆனால் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் 1969-இல் ஒரே ஒரு கறுப்பினக் கலைஞர், 2020-இலும் ஒரே ஒருவர். அந்த வாத்தியத்தைச் சிறுவயதிலேயே வாங்கித் தந்து, ஆசிரியர் வைத்துக் கற்பிக்க முடிந்தவர்களின் வரிசைதான் திரைவரை வந்து சேர்கிறது.

பயிற்சி வகுப்பு

இதை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. 2018 மே மாதம் ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் சுமார் 8,000 கடைகளை ஒரு மதியம் மூடி ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தது. நல்லெண்ணம்தான். ஆனால் அலெக்ஸாண்ட்ரா கலேவ், ஃபிராங்க் டாபின் குழு 708 அமெரிக்க நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவை வைத்து 2006-இல் சொன்னது இது: வெவ்வேறு நடவடிக்கைகளில் மேலாளர் பதவிகளின் நிறத்தை மாற்றுவதில் மிகவும் பின்தங்கியது பயிற்சி. முன்னால் நின்றது, இதற்கென்று ஒருவரையோ ஒரு குழுவையோ பொறுப்பாக்குவது. பயிற்சி மலிவு, யாரையும் நேரடியாகச் சுடாது, ஒரு நாளில் முடிந்துவிடும். அது நீடித்திருப்பதற்குக் காரணமும் அதுவே. கட்டாயப்படுத்தினால் சிலருக்கு எரிச்சல் வேறு.

கோட்டாவும் இலக்கும்

உள்ளே நுழைவோர் எண்ணிக்கையை வேகமாக மாற்றுவது என்று வந்தால் கோட்டாவுக்கு இணை இல்லை. மற்ற மூன்றும் வாசலைச் சரிசெய்கின்றன, இது நேராக இடத்தையே ஒதுக்கிவிடுகிறது. அதனாலேயே இதில் சண்டையும் அதிகம், தந்திரமும் அதிகம்.

பிரேசில் 2012-இல் இயற்றிய சட்டப்படி, மத்திய அரசின் பல்கலைக்கழகங்களில் பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. அந்தப் பாதிக்குள் கறுப்பர், கலப்பினத்தவர், பழங்குடியினருக்கு மாநில மக்கள்தொகை விகிதப்படி பங்கு. வர்க்கத்தையும் இனத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இந்த அமைப்பு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் வசதியான கறுப்பினக் குடும்பமே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது என்ற புகாருக்கு அதில் பாதி பதில் இருக்கிறது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. யார் கறுப்பர்? பொய்யாகப் பதிந்தவர்களைப் பிடிக்க ஆணையங்கள் அமைத்து, ஆளை நேரில் உட்கார வைத்துத் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். 'என் தாத்தா கறுப்பர்' என்பது செல்லாது. தெருவில் உன்னைப் பார்ப்பவர் என்னவாகப் பார்ப்பார் என்பதே அளவுகோல். பாகுபாடு பூர்வீகத்தைப் பார்த்து வருவதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் வருகிறது என்பதால் தர்க்கம் சரிதான். ஆனாலும் ஒரு மாணவியை உட்கார வைத்து மூக்கையும் முடியையும் பார்க்கும் அறையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

மலேசியா இன்னொரு பாடம். 1969 மே 13 கலவரத்துக்குப் பின் 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, நிறுவனப் பங்குகளில் பூமிபுத்திராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடியினருக்கும், 30 சதவீதம் என்று இலக்கு வைத்தது. 1970-இல் 2.4 சதவீதமாக இருந்தது 1990-இல் 20-ஐ நெருங்கியது. வறுமையும் வெகுவாகக் குறைந்தது. சாதனைதான், மறுக்க முடியாது. ஆனால் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரின் பங்கு அந்த இருபது ஆண்டும் 1 சதவீதத்தை ஒட்டியே நின்றது. மலாய்க்காரர், சீனர் என்று இரண்டு பெரிய இனங்களுக்கிடையே கோடு போட்டால், மூன்றாவதாக நிற்கும் ஏழை எந்தக் கட்டத்திலும் விழமாட்டார். பெயருக்கு ஒரு மலாய்க்காரர், உள்ளே வியாபாரம் செய்வது வேறொருவர் என்ற ஏற்பாட்டுக்கு அங்கே 'அலி பாபா' என்றே பெயர் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலும் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டம் வந்த பின் இதே பினாமி வேலை பெருகி, 2013 திருத்தத்தில் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் நிறுவனங்களுக்குப் போடும் மதிப்பெண் அட்டையைப் பங்குச் சான்றிதழால் நிரப்ப முடியும் என்றால், ஆள் எடுக்காமலே நிரப்புவார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. 1978-இல் ஆலன் பாக்கி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மருத்துவக் கல்லூரியின் 100 இடத்தில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியதைத் தள்ளுபடி செய்தது. இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகப் பார்க்க விட்டிருந்த சாளரத்தையும் 2023-இல் உச்ச நீதிமன்றம் சாத்திவிட்டது. சாத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா முன்னோடி. அங்கே 1996-லேயே வாக்கெடுப்பு மூலம் தடை வந்தது. ஸாக்கரி பிளீமர் பின்னாளில் கணக்கிட்டபடி, கறுப்பின, ஹிஸ்பானிய விண்ணப்பதாரர்கள் படிப்படியாகக் கீழ்நிலைக் கல்லூரிகளுக்குத் தள்ளப்பட்டார்கள், இளம் வயதுச் சம்பாத்தியமும் சுமார் 5 சதவீதம் குறைந்தது. இனத்தைப் பார்க்காத மாற்று வழிகளுக்கு அரை பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்தும் இடைவெளியை முழுதாக அடைக்க முடியவில்லை என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகமே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. டெக்ஸாஸ் ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் என்று 1997-இல் சட்டம் போட்டது. அது கொஞ்சம் பலிக்கிறது. பலிப்பதற்குக் காரணம் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பது.

தனி நிறுவனத்துக்கு வருவோம். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டப்படி கோட்டா கூடாது. இரண்டு பேர் சம தகுதியுடன் நின்றால் குறைவான பிரதிநிதித்துவம் உள்ளவரைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். செஷயர் காவல்துறை, தேர்ச்சி பெற்ற எல்லோரையும் 'சமம்' என்று வைத்து இந்தப் பிரிவைப் பயன்படுத்தி 2019-இல் தீர்ப்பாயத்தில் தோற்றது. ஆக, பல நாடுகளில் உங்கள் கைக்கு எட்டுவது இலக்கு மட்டும்தான். இலக்கு பயனற்றது என்று நினைக்க வேண்டாம். லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் 2021-க்குள் குறைந்தது ஒரு சிறுபான்மை இனத்தவர் என்று 2017-இல் பார்க்கர் அறிக்கை கேட்டது. சட்டக் கட்டாயம் கிடையாது, ஆண்டுதோறும் பட்டியல் மட்டும் வரும். 2022 முடிவில் 96 நிறுவனங்கள் நிறைவேற்றியிருந்தன. பட்டியலில் கடைசியாக நிற்கும் வெட்கத்துக்கு இருக்கும் வலிமையைக் குறைத்து எடைபோடாதீர்கள். இயக்குநர் நாற்காலி ஒன்றை நிரப்புவது, கீழே நடுநிலை மேலாளர்கள் அத்தனை பேரையும் மாற்றுவதைவிட எளிது என்பதும் உண்மை.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 2003-இல் வேறு மாதிரி விதி போட்டது: தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குக் குறைந்தது ஒரு சிறுபான்மையினரையாவது நேர்காணல் செய்ய வேண்டும். முதல் சில ஆண்டு நன்றாக நடந்தது. பிறகு, முடிவெடுத்த பின் ஒப்புக்குச் சப்பாணியாகக் கூப்பிடுகிறார்கள் என்று 2022-இல் ஒரு பயிற்சியாளர் வழக்கே போட்டார். இறுதிச் சுற்றுக்கு வந்த 598 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-இல் சொன்னது: பட்டியலில் ஒரே ஒரு சிறுபான்மையினர் இருந்தால் அவருக்கு வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். இரண்டு பேர் இருந்தால் நிலைமையே வேறு. ஒருவராக இருக்கும்போது அவருடைய இனம் கண்ணில் நிற்கிறது, இருவராகும்போது அவர்களுடைய வேலை கண்ணில் படுகிறது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு போதாது. ஆனால் இறுதிப் பட்டியலில் இருவர் என்ற விதிக்குச் செலவே இல்லை.

முறையை மாற்றுவது

என் ஓட்டு இதற்கு. எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் எது நல்ல பதில், எது சுமார் என்று முன்கூட்டியே எழுதிய அளவுகோல். பேனலில் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, தாளைக் கொடுத்த பிறகுதான் பேச்சு. இவ்வளவுதான் விஷயம். பால் சாக்கெட் குழு 2022-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்பக் கணக்கிட்டதில், பிற்காலச் செயல்திறனோடு இப்படிப்பட்ட நேர்காணலுக்கு இருக்கும் தொடர்பு 0.42 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்). மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.19. அதாவது இன நியாயத்தைப் பற்றி அக்கறையே இல்லாதவருக்கும் இது லாபம். அலுவலக அரசியலில் இதைவிட நல்ல வாதம் கிடைக்காது.

குறை என்ன? சலிப்பு. மேலாளர்களுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. 'ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்' என்பவர்களின் கைத்தொழிலைப் பிடுங்குகிறோம் அல்லவா? கேள்விகளைத் தயாரிக்க நேரம் பிடிக்கும், இரண்டு மாதத்தில் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும்.

இன்னொரு ஆபத்து, முறை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலே நியாயம் என்று நினைத்துவிடுவது. வட கரோலினாவில் ட்யூக் பவர் மின் நிலையத்தில் கறுப்பினத்தவர்களைச் சம்பளம் குறைந்த ஒரே பிரிவில்தான் வைத்திருந்தார்கள். 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் வேலை தொடர்பான பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புதிதாகத் திறனறித் தேர்வு வைத்தது, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் வேண்டும் என்றது. எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலையை நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். 1971-இல் உச்ச நீதிமன்றம், வேலைக்குத் தேவை என்று காட்ட முடியாத தகுதி செல்லாது என்றது. உங்கள் விளம்பரத்தில் இருக்கும் ஒவ்வொரு 'கட்டாயத் தகுதி'க்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பாதி உதிர்ந்துவிடும்.

ஊழியர்கள் சிபாரிசு செய்தால் போனஸ் என்ற வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ஆட்கள் வருகிறார்கள், உண்மை. ஆனால் அவரவர் அவரவருக்குத் தெரிந்தவர்களைத்தான் சொல்வார்கள். எல்லோரும் ஒரே இனமாக இருக்கும் அலுவலகத்தில், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே அடுத்த தலைமுறையும் அதே இனமாகிவிடும்.

எதை எடுப்பது?

ஆயிரம் பேர் வேலை செய்யும் இடமென்றால் முதலில் ஐந்து வாசல்களிலும் எண்ணிப் பாருங்கள். முதல் சல்லடையில் உதிர்ந்தால் பெயரை மறையுங்கள். நேர்காணலில் உதிர்ந்தால் முறையை மாற்றுங்கள். விண்ணப்பமே வரவில்லை என்றால் இந்த இரண்டும் உதவாது, விளம்பரம் போகும் இடத்தையும் கட்டாயத் தகுதிகளையும் பாருங்கள். உள்ளே வந்தவர்கள் மேலே போகவில்லை என்றால், பதவி உயர்வுக் கணக்கை ஒருவர் தலையில் பெயர் சொல்லிக் கட்டுங்கள். நாற்பது பேர் இடமென்றால் சதவீதம் பார்ப்பதில் அர்த்தமில்லை, ஒருவர் விலகினாலே புள்ளிவிவரம் தலைகீழாகும். நேராக நேர்காணல் முறையிலிருந்து தொடங்கலாம். கோட்டா, அரசுகள் கையில் எடுக்க வேண்டிய கருவி. சட்டமே ஒரு இனத்தை நூறாண்டு வெளியே நிறுத்தியிருந்தால், சட்டம்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு ஹெச்.ஆர். பிரிவால் அது ஆகாது.

எங்கள் குழு பயிற்சி வகுப்பைத்தான் தேர்ந்தெடுத்தது. கைதூக்கியவர்களில் நானும் ஒருவன். குழுப் படம் ஆண்டறிக்கையில் வந்தது.

பிறகு வேறொரு இடத்தில், தாள் கொடுத்து மதிப்பெண் போடும் பேனல் ஒன்றில் உட்கார்ந்தேன். அங்கேயும் அதே பத்து நிமிடம் வந்தது, அதே கேள்வியும் வந்தது: "எல்லாம் சரி, நம்ம ஆளுங்களோட ஒட்டுவாரா?" தலைமை வகித்தவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது எத்தனாவது கேள்விக்கான மார்க் சார்?" என்றார். கேட்டவர் தன் தாளைப் புரட்டினார். அப்படி ஒரு கேள்வி அதில் இல்லை. மொத்த மார்க்கில் முன்னால் இருந்தவருக்கே ஆஃபர் போனது. கேட்டவர் இன்றுவரை அந்த ஃபார்மைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.